மருந்து அறைச் சுவரில் எழுத வேண்டியவை

பட்டாசுத் தொழிலில் ‘மருந்து’ எனப்படுவது, எரியும் பொருள்களான கந்தகம், அலுமினியம் பவுடர் ஆகியவற்றோடு, அவை எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் வெடியுப்பு போன்ற உப்புகளைச் சேர்த்து ஆக்கும் கலவையாகும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இதைக் கலப்பதற்கும் அடைப்பதற்கும் உரிய நெறிகள், 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட 2008ஆம் ஆண்டு விதிகளில் விரிவாக உள்ளன. ஆயினும் அவை உரிமம் பெற்றவரை நோக்கிச் சட்ட நடையில் பேசுபவை. மருந்தை அள்ளும் தொழிலாளிக்கு எதை, எப்போது, எவ்வளவு என்று சொல்லும் செய்முறைக் குறிப்பைத் தனியே எழுத வேண்டியிருக்கிறது, அதை எழுதுவதே கடினம்.

‘மருந்தில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்பது இலக்கணப்படி குறையில்லாத வரி. ஆனால் தண்ணீர் நெருப்பை அணைக்கும் என்றே வாழ்நாளெல்லாம் கண்டு பழகியவர், நனைந்தால் மருந்து வீணாகிவிடும் என்றுதான் இதற்குப் பொருள் கொள்வார். நடப்பது நேர்மாறானது. அலுமினியத் துகளின்மேல் இயல்பாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடுப் படலத்தை ஈரமும் உப்பும் அரித்துவிட்டால், துகள் நீரோடு வினைபுரிந்து சூடாகிறது. குவியலின் நடுவே சிக்கிய வெப்பம் வெளியேற வழியின்றி வினையை மேலும் விரைவுபடுத்த, தீப்பொறி எதுவும் இல்லாமலே கலவை பற்றிக்கொள்கிறது. ‘மருந்து நீர்த்துப்போய் வெடித்தது’ என்று விபத்துச் செய்திகளில் வருவது இத்தகைய நிகழ்வையே குறிக்கிறது. ஆகவே, அன்றன்று அடைத்து முடிக்கும் அளவுக்கே கலக்க வேண்டும், மீந்ததை இரவில் அறையில் விட்டுச்செல்லக் கூடாது, மீந்தால் போர்மேனிடம் சொல்லாமல் வெளியேறக் கூடாது என்பவற்றோடு, ஈரப்பட்ட மருந்து தானாகவே தீப்பிடிக்கும் என்ற காரணமும் சேர்ந்தால்தான் அக்குறிப்பு முழுமை பெறும். குறிப்பு நீண்டுவிடும் என்று காரணத்தை வெட்டுவது பெருந்தவறு. காரணம் அறிந்தவரே, குறிப்பில் சொல்லப்படாத நிலைமையிலும், எடுத்துக்காட்டாக மழையில் கூரை ஒழுகிய மறுநாள் காலையிலும், சரியாக நடந்துகொள்வார்.

தமிழ் படிக்கத் தெரியாத வட மாநிலத் தொழிலாளர்களுக்குப் படங்கள் ஓரளவே உதவும். இரும்புக் கரண்டியின்மேல் பெருக்கல் குறியிட்ட படம் எம்மொழியினருக்கும் விளங்கும். ஆனால், மருந்து அடைத்த குழாய்களை வெளியே கொண்டுபோன பிறகே அடுத்த மருந்து உள்ளே வரலாம் என்னும் முன்பின் வரிசையை ஒரு படத்தில் காட்ட இயலாது, அங்கே இந்தியிலோ ஒடியாவிலோ எழுதியே ஆக வேண்டும்.

குறிப்பைப் படிக்க வேண்டியவர்கள் ஆலைக்குள் மட்டும் இல்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்தில், முதல் வெடிப்புக்குப் பின் பார்க்கவும் உதவவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தாரும் மாண்டனர். புகை எழும் ஆலையை நெருங்கலாகாது என்பதை ஊர்ப் பொதுவிடங்களிலும் எழுதிவைப்பது அவசியம்.

இயந்திரங்களின் கையேட்டிலுள்ள பிழை, இயந்திரம் ஓடாதபோது தெரிந்துவிடும். மருந்து அறையில் பிழை அவ்வாறு வெளிப்படக் காத்திருக்க முடியாது. ஆதலால், எழுதிய குறிப்பைப் புதிதாகச் சேர்ந்தவரிடம் கொடுத்து, மருந்துக்குப் பதிலாக மணலை வைத்துச் செய்யச் சொல்லி, குறுக்கிடாமல் பார்த்து, அவர் தயங்கிய வரிகளை மாற்றி எழுதிய பின்னரே அதைச் சுவரில் ஏற்ற வேண்டும்.