இடியாப்ப அச்சும் பச்சைப்பிள்ளையின் ரத்த அழுத்தமும்

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று ஒரு அடுப்பில் பால்சுறாப் புட்டு தயாராகிக்கொண்டிருந்தது. இன்னொரு பக்கம் ஆயா இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தார். "ஏம்மா, பெத்தவளுக்குப் பிரஷர் 120ன்னாங்க. பிறந்த அன்னிக்குப் பிள்ளைக்கு 70தான் காட்டுச்சாம். ரத்தம் பத்தலையா?" என்று கேட்டார். அவர் கவலைக்குப் பதில் அவர் கையிலேயே இருந்தது.

அச்சை அழுத்தக் கை எவ்வளவு பலம் போட வேண்டும்? தள்ளுகிற மாவின் அளவையும் துளையின் அகலத்தையும் பொறுத்தது அது. இதயம்தான் கை, ரத்தம் மாவு, நுண்ணிய ரத்தக்குழாய்கள் துளைகள்.

அச்சின் துளைத் தட்டில் ஓரமாக ஒரு பெரிய ஓட்டை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். லேசாக அழுத்தினாலே மாவு அந்த வழியாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வயிற்றில் இருக்கும்வரை பிள்ளைக்கு நஞ்சுக்கொடிதான் அந்த ஓட்டை. தொப்புள்கொடியைக் கட்டி அறுத்ததும் அது அடைபடுகிறது. இனி எல்லாமே சின்னத் துளைகள் வழியாகத்தான் போக வேண்டும். அழுத்தம் ஏறத் தொடங்குகிறது. முதல் அழுகையில் நுரையீரல் விரிய, அதுவரை கொஞ்சமே அங்கே போய்வந்த ரத்தம் நிறையப் பாய்ந்து இதயத்தின் இடப்பக்கத்தை நிரப்புகிறது.

ஆனால் அச்சு சின்னது. 3 கிலோ பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 250 மில்லி, ஒரு டம்ளர். ஒரு துடிப்புக்குக் கொஞ்சம்தான் தள்ள முடியும் என்பதால் நிமிடத்துக்கு 120 முதல் 160 தடவை துடிக்கிறது அந்த இதயம். முதல் நாளில் 70 என்பது அதற்கு ஏற்ற அளவுதான்.

பிறகு மளமளவென்று ஏறும். பச்சைப்பிள்ளைகளின் ரத்த அழுத்தத்தை அளந்து 1980இல் வெளியான பிராம்ப்டன் ஆய்வில், 4ஆம் நாள் சராசரியாக 76 இருந்த மேல் எண் (இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம்) 6 வாரத்தில் 96 ஆனது. அதற்குமேல் ஒரு வயதுவரை பெரிதாக மாறவில்லை. எனக்கு இந்த இடம்தான் அதிசயம்: பிள்ளை வளர்கிறது, இதயம் பலப்படுகிறது, அழுத்தம் மட்டும் ஏறவில்லை. கை பெரிதாகும்போது தட்டும் பெரிதாகித் துளைகளும் கூடிவிடுகின்றன.

அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண் ஏறும், தூங்கும்போது இறங்கும். கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தால் இல்லாத அழுத்தத்தையும் காட்டும். அதனால்தான் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு 3 வயதுவரை வழக்கமாக இதை அளப்பதில்லை. குறைமாதப் பிள்ளை, இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு உள்ள பிள்ளை என்றால் அளந்தே ஆக வேண்டும். பால் குடிக்காமல் துவண்டு, கைகால் சில்லிட்டுப்போனால் எந்த எண்ணுக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

"இன்னொரு தரம் அளக்கச் சொன்னாங்கன்னா, பால் குடுத்து, தூங்கினதுக்கு அப்புறம் அளக்கச் சொல்லுங்க ஆயா" என்றேன். அவர் அடுத்த ஈட்டுக்கு மாவை அச்சில் அடைத்தார்.