விலா எண்ணும் விரல்

கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் மாரடைப்பால் இறந்தபோது பெங்களூரே பதறியது. அடுத்த சில நாட்கள் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த காக்ஸ் டவுன் பக்கமும் ‘எதற்கும் ஒரு ஈசிஜி எடுத்துடலாம்’ என்பது இப்போது சகஜமான பேச்சு.

ஈசிஜி எடுக்கப் படுத்தவரின் மார்பில் ஜெல்லி தடவி, ஆறு ரப்பர் குமிழ்களை ஒட்டுவார்கள். அவை ஒட்டும் இடம், இதயத்துக்கு மேலிருக்கும் முன்மார்பு. மருத்துவர்கள் அதை ‘பிரிகார்டியம்’ என்பார்கள். கண்ணால் குத்துமதிப்பாகப் பார்த்து ஒட்டுகிற வேலையல்ல இது. கழுத்துக் குழியிலிருந்து விரலைக் கீழே இழுத்தால் மார்பெலும்பில் ஒரு மேடு தட்டுப்படும். அதன் பக்கவாட்டில் வந்து சேர்வது இரண்டாவது விலா. அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தால், நான்காம் விலா இடைவெளியில் மார்பெலும்பின் வலப்பக்கம் முதல் குமிழ், இடப்பக்கம் இரண்டாவது. நான்காவது குமிழ் ஐந்தாம் இடைவெளியில், காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில். மூன்றாவது, இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே. மீதி இரண்டும் அதே மட்டத்தில் அக்குளை நோக்கிப் போகும். அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவர்கள் 1938இல் சேர்ந்து வகுத்த இடங்கள் இவை.

அவசரத்தில் முதலிரண்டையும் ஓர் இடைவெளி மேலே ஒட்டிவிடுவது உலகெங்கும் நடக்கும் தவறு. விளைவு, நல்ல இதயத்துக்கும் கோளாறு இருப்பதுபோல வரைபடம் வரலாம்!

ஸ்டெதஸ்கோப்புக்கும் இந்த முன்மார்புதான் களம். ஆனால் ஒரு விசித்திரம். இதயத்தின் நான்கு வால்வுகளும் மார்பெலும்பை ஒட்டி நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றின் ஓசையோ வெவ்வேறு மூலைகளில்தான் தெளிவாகக் கேட்கும். ரத்தம் பாயும் திசையில் ஒலியும் போய்விடுகிறது. பெருந்தமனி வால்வை வலப்பக்க இரண்டாம் இடைவெளியிலும், மிட்ரல் வால்வை இடது முலைக்காம்புக்குச் சற்றுக் கீழே, இதயத்தின் நுனி துடிக்கும் இடத்திலும் கேட்கிறார்கள். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியிருந்தால், அங்கே உள்ளங்கையை வைத்தாலே சிலருக்கு அதிர்வு தெரியும். அது பூனையின் உறுமல் போல இருப்பதாகச் சொன்னவர், 1816இல் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லென்னெக்.

முன்மார்பில் சுருக்கென்று குத்தினால் மாரடைப்பு என்று அர்த்தமில்லை. வளரும் பிள்ளைகளுக்கு மூச்சிழுக்கும்போது சில விநாடிகள் ஊசி குத்துவதுபோல வலித்து, தானே மறையும். இது ஆபத்தில்லாதது. மாரடைப்பு பெரும்பாலும் நடுமார்பை அழுத்தும், கைக்கும் தாடைக்கும் பரவும். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் வரலாம். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தும், ஓய்வாகப் படுத்திருக்கையில் எடுத்த ஈசிஜி சரியாக இருப்பதுண்டு. மாரடைப்பின் தொடக்கத்திலும் அப்படி வரலாம். அதனால்தான் சந்தேகம் தீராத மருத்துவர் சற்று நேரம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்கிறார்.