காயம் காய வேண்டுமா?

சிராய்ப்பைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. 1962-இல் ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் பன்றித் தோலில் செய்த சோதனை அதை அசைத்துவிட்டது: பாலித்தீன் படலத்தால் மூடிய மேற்காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளியது. காயத்தின் விளிம்பிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் புறப்படும் செல்கள் ஈரத்தில் தடையின்றி நகரும்; காய்ந்துவிட்டாலோ பொருக்குக்கு அடியில், ஈரமுள்ள திசுவைத் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டும். மறு ஆண்டே மனிதத் தோலிலும் இது உறுதியானது.

மூடினால் சீழ் பிடிக்காதா? நியாயமான கேள்விதான், மண்ணோடு மூடினால் பிடிக்கும். ஓடும் நீரில் கழுவி, சுத்தமான கட்டுப் போட்டு, அழுக்கானால் மாற்றினால் அபாயம் குறைவு. காயத்தில் கசியும் நீரிலேயே கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் உண்டு. அதற்காகப் பொருக்கைப் பழிக்க வேண்டாம், கட்டில்லாத இடத்தில் காயத்தை மூடுவது அதுதான். பிய்த்தால் புதுத்தோலும் கூடவே வந்துவிடும்.