டேங்குக்கும் ஷவருக்கும் நடுவே ஐந்தடி

சுருளி அருவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, குளிக்கத் தண்ணீர் வரவில்லை என்று புலம்பக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. காமயகவுண்டன்பட்டியில் உறவினர் ஒருவர் தை மாதம் பால் காய்ச்சிக் குடிபோன வீடு. மாடிக் குளியலறையில் மிக்ஸர், கீசர், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ‘ரெயின் ஷவர்’. திறந்தால் நாலைந்து துளைகளில் மட்டும் நூல் நூலாக வழிகிறது. சுடுதண்ணீர்ப் பக்கம் திருப்பினால் அதுவும் இல்லை. பார்க்க வந்த ப்ளம்பர் எதையும் கழற்றவில்லை. மொட்டைமாடிக்குப் போய் டேங்கைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“உசரம் பத்தாதுண்ணே.”

பாதி அறிவியலை அவர் முடித்துவிட்டார். டேங்க் 500 லிட்டரா 2,000 லிட்டரா என்பது ப்ரஷருக்குப் பொருட்டே இல்லை. நீர்மட்டம் ஷவரைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பதுதான் கணக்கு. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ ப்ரஷர். திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயில் ஒரு கிலோ நிற்கிறதா என்று மீட்டரைப் பார்த்துப் பழகிய மனிதர் என் உறவினர். ஆனால் மொட்டைமாடித் தளத்திலேயே உட்கார்ந்திருந்த அவர் வீட்டு டேங்குக்கும் ஷவருக்கும் நடுவே சுமார் ஐந்தடிதான். கிலோவில் சொன்னால் 0.15. அகலமான ஷவர்களோ அரை கிலோ, ஒரு கிலோவை நம்பிச் செய்யப்படுபவை.

கம்பத்திலிருந்து குமுளி போகிறவர்கள் லோயர் கேம்ப் மலைச்சரிவில் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பார்கள். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையின் தண்ணீர், சுரங்கம் வழியாக மலையைக் கடந்து அந்தக் குழாய்களில் இறங்கித்தான் மின்நிலையத்தின் டர்பைனைச் சுழற்றுகிறது. சுருளியிலும் தண்ணீர் உயரத்திலிருந்துதான் இறங்குகிறது. ஆனால் அது திறந்தவெளியில் விழுவதால் உயரமெல்லாம் வேகமாக மாறி நம் முதுகில் அறைகிறது. குழாய்க்குள் அடைபட்ட தண்ணீரில் அதே உயரம் அழுத்தமாகக் காத்திருக்கும். நம் வீட்டு டவுன் பைப் அந்த லோயர் கேம்ப் குழாயின் பேரப்பிள்ளை.

இருக்கிற கொஞ்ச ப்ரஷரையும் வழியிலேயே தின்றுவிடுகின்றன எல்போக்களும், பாதி திறந்த கேட் வால்வும், ஒல்லிக் குழாயும். குழாயின் விட்டம் இதில் ஆளை ஏமாற்றும். ஒரே அளவு தண்ணீரை அனுப்ப, முக்கால் இன்ச் குழாயைவிட அரை இன்ச் குழாய் ஆறேழு மடங்கு ப்ரஷரை உராய்விலேயே இழக்கும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று சுவருக்குள் அரை இன்ச் குழாயைப் புதைத்துவிட்டு, மேலே விலையுயர்ந்த ஷவரை மாட்டுவது எனக்குப் புரிந்ததே இல்லை.

சுடுதண்ணீர் ஏன் இன்னும் மோசம்? அது சுற்றிக்கொண்டு வருகிறது. கீசருக்குப் போகும் ஒல்லி ஹோஸ், தண்ணீர் பின்னால் திரும்பாதபடி ஸ்பிரிங் வைத்துத் தடுக்கும் வால்வு, நாளாக ஆக உள்ளே படியும் உப்பு என்று எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. மிக்ஸருக்குள் நடப்பது கயிறு இழுக்கும் போட்டி. கீசர் தண்ணீர் 60 டிகிரி, தைமாதக் காலையில் டேங்க் தண்ணீர் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சரிபாதி கலந்தால் 40, குளிக்க இதம். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் யாரோ வாளிக்குக் குழாயைத் திறக்க, பச்சைத்தண்ணீர் பாதியாகக் குறைந்தால் கலவை 47 டிகிரிக்குத் தாவிவிடும். தலையில் சோப்பு நுரையோடு அலறுவது இதனால்தான்.

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டுப் பச்சைத்தண்ணீர் லைனுக்கு மட்டும் ப்ரஷர் பம்ப் போடுகிறார்கள். அதைவிடக் கெடுதல் வேறில்லை. பலத்த பக்கம் பலவீனப் பக்கத்தை நெட்டித் தள்ளிவிடும். சுடுதண்ணீர் எட்டியே பார்க்காது. பம்ப் வைப்பதானால் லைன் பிரிவதற்கு முன்பே வைத்து, இரண்டு பக்கத்துக்கும் ஒரே ப்ரஷரைக் கொடுக்க வேண்டும்.

எங்கள் ப்ளம்பர் பம்பே வேண்டாம் என்றார். சுவருக்கு நேர் மேலே மேடை கட்டி டேங்கை ஐந்தடி உயர்த்தச் சொன்னார். ஆயிரம் லிட்டர் என்பது ஒரு டன் எடை, வெறும் தளத்தின் நடுவே ஏற்றக்கூடாது. உயரம் இரட்டிப்பானால் தண்ணீரும் இரட்டிப்பாகும் என்று உறவினர் நினைத்திருந்தார். அப்படி வராது; வர்க்கமூலக் கணக்கில் நாற்பது சதவீதம்தான் கூடும். மீதியைச் சரிக்கட்ட, குளியலறைக்கென்று தனியாக முக்கால் இன்ச் லைன் இறக்கினார்கள். பக்கத்துக் குழாயைத் திறந்தால் சுடும் தொல்லையும் அதோடு போனது.

மாடியில் இப்போது உள்ளங்கை அகல ஷவர் ஒன்று சுள்ளென்று அடிக்கிறது. தட்டு ஷவரைக் கழற்றித் தரைத்தளக் குளியலறையில் மாட்டிவிட்டார்கள். அங்கே இன்னும் பத்தடி உயரம் கூடுதல்.