மாரி இல்லாத கிணறு

வன்னியின் கனகராயன்குளத்துத் தோட்டக் கிணற்றில் இறைப்பு முடிந்து மெசின் ஓய்ந்ததும் எட்டிப் பாருங்கள். சுவரில் ஈரக்கோடு உயரத்தில் நிற்க, தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். கல்லிடுக்குகளில் ஊற்று கசியத் தொடங்கும். முதலில் விறுவிறுவென்றும் பிறகு ஆறுதலாகவும் மட்டம் ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்தே, பின்னேரம் இன்னொருதரம் இறைக்கலாமா என்று கமக்காரர் கணித்துவிடுவார்.

அந்தக் கணிப்புக்கு 1935இல் சமன்பாடு எழுதியவர் அமெரிக்க நிலத்தடிநீர் அறிஞர் சார்ள்ஸ் தைஸ். இரும்பில் வெப்பம் பரவுவதுபோலவே பாறையில் அமுக்க மாற்றமும் பரவுகிறது என்று அவர் கண்டார். 1951இல் ஹோர்னர் என்பவர் இதே வழியை மசகு எண்ணெய்க் கிணற்றுக்குக் கொண்டுபோனார். கிணற்றை மூடிவிட்டு அமுக்கம் ஏறும் விதத்தைக் குறித்தால், எண்ணெய் அந்தப் பாறைக்குள் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பது தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நம் கிணற்றுக்கு மாரிமழை வரும், எண்ணெய்ப் பாறைக்கு மாரி இல்லை. அங்கே அமுக்கம்தான் முதல். அது ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால், திறந்த சோடாப் போத்தல்போல எண்ணெயில் கரைந்திருந்த வாயு குமிழியாகப் பிரியும். குமிழிகள் நுண்துளைகளில் வழிமறிக்கும். வாயு இழந்து தடித்த எண்ணெயில் பெரும்பங்கு கீழேயே தங்கிவிடும். இந்தியாவின் மும்பை ஹை கடல் எண்ணெய் வயலில் 1984 முதல் கடல்நீரைச் சுத்திகரித்துப் பாறைக்குள் செலுத்துவது, குறையும் அமுக்கத்தை ஈடுகட்டத்தான். அது மனிதர் பெய்விக்கும் மாரி.

எப்போது, எவ்வளவு செலுத்துவது? அதற்கு அடியில் உள்ள அமுக்கம் தெரிய வேண்டும். முன்பெல்லாம் கிணற்றை நிறுத்தி, கருவியை இறக்கித்தான் அளந்தார்கள். இப்போது அளவி கிணற்றின் அடியிலேயே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறது. அதற்குள் இருப்பது, கைக்கடிகாரத்தில் துடிக்கிற அதே குவாட்ஸ் பளிங்கு. அமுக்கம் மாறினால் துடிப்பும் மாறும். நூற்றுக்கணக்கான வளிமண்டல அமுக்கத்துக்கு நடுவிலும், 1 சென்றிமீற்றர் தண்ணீரின் பாரத்தை அது பிரித்தறியும். நிலவு இழுக்கையில் பாறை நெகிழ்வதால் வரும் ஏற்ற இறக்கங்கூட அதில் பதிகிறது! செக்கனுக்குச் செக்கன் செய்தி மேலே வர, பொறியியலாளர் வால்வைச் சற்று இறுக்கி அமுக்கத்தைக் காக்கிறார். ஒரு கிணற்றைத் திறந்ததும் பக்கத்துக் கிணற்றில் அமுக்கம் இறங்கினால், இரண்டும் ஒரே பாறையில் குடிக்கின்றன என்று அறிகிறார். அடுத்த காணியில் மெசின் ஓடும்போது தங்கள் கிணற்றை எட்டிப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

வன்னியின் பழம்பாறையில் எண்ணெய் இல்லை. ஆனால் மேற்கே மன்னார்க் கடலடியில் படிவுப் பாறைகள் தடித்துக் கிடக்கின்றன. 2011இல் அங்கே டொராடோ கிணற்றில், 3 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில், 25 மீற்றர் அளவு தடிப்பில் வாயு தாங்கிய மணற்கல் தட்டுப்பட்டது. உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. அந்த வாயுவுக்கும் மாரி இல்லை. அதைத் திறக்கும் நாளில், முதல் மூச்சிலிருந்தே அதன் அமுக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒருமுறை இழந்தால், விடியும்வரை காத்திருந்தாலும் அது ஊறாது.