சீகன்பால்கு: எதிர்ப்புகளுக்கிடையே ஒரு மறைப்பணி

பர்த்தலோமேயு சீகன்பால்கு (10 ஜூலை 1682 – 23 பிப்ரவரி 1719) ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்னும் ஊரில் பிறந்த லூத்தரன் மறைப்பணியாளர். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபையின் பணியைத் தொடங்கியவர்களில் முதல்வர். தமிழில் முதல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்டவர் என்ற முறையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். அந்தப் பணி நடந்த 13 ஆண்டுகளில் அவர் சந்தித்த எதிர்ப்புகள் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவற்றுள் கடுமையானவை பெரும்பாலும் அவருடைய சொந்தச் சமயத்தாரிடமிருந்தே வந்தன.

வருகை

தரங்கம்பாடி 1620 முதல் டேனிஷ் வணிகக் கம்பெனியின் வசம் இருந்தது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அங்கு மறைப்பணியாளர்களை அனுப்ப விரும்பினார். அதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினர்.

ஆளுநர் ஹாசியஸ் அவர்களை விரும்பி வரவேற்கவில்லை. தங்குவதற்கு இடமும் ஏற்பாடு செய்து தரவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, சமயப் பணியால் உள்ளூர் மக்களிடையே சலசலப்பு ஏற்பட்டால் வணிகம் பாதிக்கப்படும் என்று கம்பெனி அஞ்சியது. இரண்டாவது, அரசரின் நேரடி ஆணையுடன் வந்தவர்கள் தன் அதிகாரத்துக்குக் கட்டுப்படமாட்டார்கள் என்று ஆளுநர் கருதினார்.

தமிழ் கற்றல்

ஐரோப்பியர் அன்று உள்ளூர் மக்களுடன் பேசப் பெரும்பாலும் போர்த்துகீசிய மொழியையே பயன்படுத்தினர். மக்களின் தாய்மொழியில் பேசாமல் பணி நிலைக்காது என்று உணர்ந்த சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் அவருக்கு உதவினார். 1708-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டி, அவற்றுக்குக் குறிப்புகளுடன் கூடிய பட்டியல் ஒன்றையும் தயாரித்தார்.

1707-இல் முதல் திருமுழுக்குகள் நடந்தன. டேனியரிடம் அடிமைகளாக இருந்த ஐவர் முதலில் திருச்சபையில் சேர்ந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது.

சிறைவாசம்

1708-இல் ஒரு வழக்கு பெரும் மோதலாக மாறியது. நாவிதர் ஒருவர் இறந்த பின், அவருடைய மனைவிக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் கடன் தொடர்பான தகராறு எழுந்தது. சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகத் திரும்பத் திரும்பப் பரிந்து பேசினார். அது தன் அதிகாரத்தில் தலையிடுவது என்று ஹாசியஸ் கருதி அவரை வரவழைத்தார். எழுத்துப்பூர்வமான அழைப்பாணை வேண்டும் என்று சீகன்பால்கு கேட்டதால் கைது செய்யப்பட்டார். விசாரணையில் பதில் கூற மறுத்ததால் டான்ஸ்போர்க் கோட்டையில் சுமார் நான்கு மாதங்கள் அடைத்து வைக்கப்பட்டார்.

சீகன்பால்குவும் எளிதில் வளைந்து கொடுக்கும் இயல்புடையவர் அல்லர். இந்த மோதலில் அவருடைய பிடிவாதத்துக்கும் பங்குண்டு. ஆயினும் தட்டிக்கேட்க ஆளில்லாத ஒரு பெண்ணுக்காகப் பேசியதே இதன் தொடக்கம் என்பது குறிப்பிடத்தக்கது. புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை அவர் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது. 1709 மார்ச்சில் விடுதலையானதும் விட்ட இடத்திலிருந்து அதைத் தொடர்ந்தார்.

துணை நின்ற தமிழர்களும் துன்பப்பட்டனர். அழகப்பன் தரங்கம்பாடியிலிருந்து வெளியேற்றப்பட்டார். புலமை பெற்ற இளைஞரான கணபதி வாத்தியார் 1709-இல் திருமுழுக்குப் பெற்றபோது அவருடைய குடும்பத்தார் கடுமையாக எதிர்த்தனர். ஐரோப்பியருக்குத் தாயகம் திரும்பும் வழி இருந்தது. இவர்களோ தங்கள் ஊரிலும் உறவிலும் விலை கொடுத்தனர்.

அச்சுப்பணியின் இடர்கள்

ஐரோப்பாவிலிருந்து வந்த உதவியும் முழுமையாகக் கைக்கு எட்டவில்லை. ஒருமுறை கப்பலிலிருந்து கரைக்குப் பணம் கொண்டுவந்த படகு கவிழ்ந்து, பணம் கடலில் மூழ்கியது. லண்டனில் இருந்த எஸ்.பி.சி.கே. சங்கம் அனுப்பிய அச்சு இயந்திரம் வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் ரியோ டி ஜெனிரோவில் கைப்பற்றினர். உடன் வந்த அச்சாளர் வழியிலேயே இறந்தார். 1712-இல் இயந்திரம் வந்து சேர்ந்தபோது, அச்சுத்தொழில் தெரிந்த ஒரு படைவீரரைக் கொண்டு அதை இயக்க வேண்டியிருந்தது.

1713-இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை பெரியவையாக இருந்ததால் காகிதம் அதிகம் தேவைப்பட்டது. ஆகவே சிறிய எழுத்துகள் உள்ளூரிலேயே வார்க்கப்பட்டன. 1711-இல் மொழிபெயர்த்து முடிக்கப்பட்ட புதிய ஏற்பாடு 1714–1715-இல் வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சிடப்பட்ட முதல் புதிய ஏற்பாடு இதுவே.

சொந்தத் தரப்பின் எதிர்ப்பு

தமிழரின் சமயத்தையும் வழிபாட்டையும் பற்றி 1713-இல் சீகன்பால்கு ஒரு பெரிய நூல் எழுதினார். மறைப்பணியாளர்களின் வேலை புறச்சமயத்தை ஒழிப்பதே, அதை ஐரோப்பாவில் பரப்புவதன்று என்று கருதிய ஹாலே தலைவர் பிராங்கே அதை வெளியிடவில்லை. ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பின், 1867-இல் சென்னையில் அந்நூல் அச்சானது.

கோபன்ஹேகனில் 1714-இல் அமைந்த மறைப்பணிக் கழகத்தின் செயலர் வென்ட் மற்றொரு வகையில் எதிர்த்தார். மறைப்பணியாளர்கள் அப்போஸ்தலரைப் போல எளிமையாக ஊர் ஊராகச் சென்று போதிக்க வேண்டும். ஆலயம், பள்ளி முதலியவற்றுக்குச் செலவிடுவது தவறு என்பது அவர் கருத்து. கல்வியும் நூலும் வழிபாட்டு இடமும் இல்லாமல் ஒரு சபை தன் காலில் நிற்க முடியாது என்பது சீகன்பால்குவின் அனுபவம். 1718 அக்டோபர் 11 அன்று இன்றும் உள்ள புதிய எருசலேம் ஆலயத்தை அவர் திறந்துவைத்தார். சில மாதங்களில், உடல்நலம் குன்றி, 36-ஆம் வயதில் இறந்தார். அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். உடன் பணியாற்றிய கிரண்ட்லரும் மறு ஆண்டு காலமானார்.

விளைவு

பழைய ஏற்பாட்டில் ரூத்தின் புத்தகம் வரை சீகன்பால்கு மொழிபெயர்த்திருந்தார். எஞ்சியதைப் பின்வந்த பெஞ்சமின் சூல்ட்சே தொடர்ந்து முடித்தார். 1733-இல் ஆரோன் என்னும் தமிழர் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார்.

சீகன்பால்குவின் உறுதி பெரும்பாலும் அன்றாட வேலையில் வெளிப்பட்டது. ஆளுநர் சிறையிட்டபோதும், பணம் மூழ்கியபோதும், அனுப்பியவர்களே குறைகூறியபோதும், மொழி கற்பதையும் எழுதுவதையும் பள்ளி நடத்துவதையும் அவர் கைவிடவில்லை. வென்ட் வீண்செலவு என்று கருதிய பள்ளியும் நூலும் ஆலயமுமே அவருக்குப் பின் பணியைத் தாங்கி நின்றன.