வேணாம்னு யாருமே சொல்லல... ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் ஏன் விளையாட்டு நின்னுபோகுது?

உங்க போன் கேலரியை ரெண்டு மூணு வருஷம் பின்னாடி தள்ளிப் பாருங்க. ஜெர்ஸி போட்டுக்கிட்டு, முழங்கால்ல மண்ணோட, ஒருத்தர் தோள்ல ஒருத்தர் கை போட்டு டீமே நிக்கிற போட்டோ ஒண்ணாவது இருக்கும். அதுக்கப்புறம் நிச்சயதார்த்தம், மெஹந்தி, முகூர்த்தம்னு நூத்துக்கணக்குல போட்டோ. அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தா, ஜெர்ஸி போட்ட படம் ஒண்ணுகூட இருக்காது. எந்தத் தேதியில நின்னுச்சுன்னு கேட்டா, உங்களுக்கே சொல்லத் தெரியாது.

எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம் ஆச்சு. காலேஜ்ல மூணு வருஷம் கோ கோ டீம்ல இருந்தவ நான். `இனிமே விளையாடக் கூடாது'னு கணவரோ, அத்தையோ, மாமாவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருக்கலாம். நம்ம தலைமுறையில நிறைய வீடுகள்ல விளையாட்டை யாரும் தடுக்கிறதில்லை, அதுக்கான நேரம்தான் சத்தமில்லாம காணாமப்போகுது. எப்படிக் காணாமப்போகுதுன்னு கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல் வருஷ காலண்டர்

நம்ம ஊர் கல்யாணம் தாலி கட்டினதோட முடியுறதில்லை. மறுவீடு. அப்புறம் பெரியப்பா வீட்டு விருந்து, சித்தி வீட்டு விருந்து, `எங்க வீட்டுக்கு மட்டும் வரலையே'னு கோவிச்சுக்கிட்ட மாமா வீட்டு விருந்து. குலதெய்வம் கோயில். ஆடி பிறந்தா பொண்ணு அம்மா வீட்டுக்கு. அடுத்து தலை தீபாவளி, தலைப் பொங்கல். நடுவுல ஃப்ரெண்ட்ஸ் கல்யாணம் நாலு, ஏன்னா நம்ம செட்டுல எல்லாருக்கும் ஒரே வருஷத்துலதான் முகூர்த்தம் அமையும்.

எதையும் குறை சொல்லல. விருந்துல வெச்ச நாட்டுக்கோழிக் குழம்பை இப்ப நினைச்சாலும் நாக்குல ஊறுது. ஆனா கவனிங்க, இதுல முக்கால்வாசி ஞாயித்துக்கிழமைதான் நடக்கும். வேலைக்குப் போறவங்களுக்கு விளையாட்டுக்குன்னு மிச்சம் இருக்கிறதும் அதே ஞாயித்துக்கிழமைதான். முதல் வாரம் `இந்த வாரம் வரமுடியல'னு க்ரூப்ல மெசேஜ் போடுவோம். ரெண்டாவது வாரமும் போடுவோம். ஆறாவது வாரம் அவங்களே கேக்குறதை விட்டுடுவாங்க. அவ்வளவுதான், யாரும் எதையும் முடிவு பண்ணல, ஆனா முடிஞ்சுபோச்சு.

டீம் விளையாட்டுன்னா இன்னும் சீக்கிரம் முடியும். ஓடப்போறவங்களுக்கு ஒரு ஷூ போதும். கோ கோவுல துரத்துற பக்கம் மட்டும் களத்துல ஒன்பது பேர் வேணும். அந்த ஒன்பது பேர்ல அஞ்சு பேர் கல்யாணமாகி வேற ஊருக்குப் போயிட்டா, மீதி நாலு பேர் டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

காலை 6 மணியில என்ன நடக்குது?

என் கணவரும் ஆடுறவர்தான். டென்னிஸ் பால் கிரிக்கெட். ஞாயித்துக்கிழமை காலையில அஞ்சே முக்காலுக்கு பைக் சத்தம் கேக்கும், பத்து மணிக்கு வெயில்ல வெந்துபோய் வருவார். கல்யாணத்துக்கு முன்னாடி பத்து வருஷமா அதான் வழக்கம்ங்கிறதால, யாரும் எதுவும் கேக்குறதில்லை.

அதே நேரத்துக்கு நான் கிளம்பினா? `எங்கம்மா போற, யாரோட, எப்ப வருவ, சாப்பிட்டுப் போறியா'ன்னு நாலு கேள்வி. எல்லாமே அக்கறையில கேக்குற கேள்விதான், ஆனாலும் ஒவ்வொரு வாரமும் பதில் சொல்லணும்னா அதுவே ஒரு அலுப்பு. அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கு வெளியில விளையாடத் தோதான நேரம் காலை ஆறுல இருந்து எட்டு. வீட்டுல அடுப்படி பரபரப்பா இருக்கிறதும் அதே ஆறுல இருந்து எட்டுதான். பால், காபி, டிபன், சட்னி, மதியச் சாப்பாட்டுக்கு டப்பா. அந்த ரெண்டு மணி நேரம் யார் அடுப்படியில நிக்கிறாங்களோ, அவங்க விளையாட்டுதான் முதல்ல போகும். ஆர்வம் இல்லை, உடம்பு வணங்கலனு எவ்வளவோ காரணம் சொல்லலாம். எங்க வீட்டுல நான் பார்த்த வரைக்கும் முக்காவாசிக் காரணம் இந்த ரெண்டு மணி நேரம்தான்.

இதுக்கு எல்லாரும் சொல்ற தீர்வு ஒண்ணு உண்டு: `ரெண்டு பேரும் சேர்ந்து ஷட்டில் ஆடுங்களேன்!' ஆடலாம், நல்லாதான் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா அது வேற கணக்கு. கணவரோட ஆடும்போது நான் அவர் மனைவி. களத்துல உட்கார்ந்து, பின்னாடி இருந்து `கோ'ங்கிற குரலுக்குக் காத்திருக்கும்போது நான் யாருடைய மனைவியும் இல்லை, மருமகளும் இல்லை. அந்த ரெண்டாவது ஆளையும் பத்திரமா வெச்சுக்கணும். அவருக்கும் அதே மாதிரிதான். அவர் கிரிக்கெட் செட்டை நான் பிடுங்கிட்டு, பதிலுக்கு ஜோடியா வாக்கிங் கூப்பிட்டா அது நியாயமில்லை.

பீரோவுல இருந்த சர்ட்டிஃபிகேட்

போன மாசம் ரேஷன் கார்டைத் தேடும்போது, அத்தை பீரோவுல ஒரு பழைய ஃபைல் கிடைச்சது. உள்ள மடிச்சு வெச்ச சர்ட்டிஃபிகேட். பள்ளிக்கூடத்துல படிக்கும்போது வளையப்பந்துல, அதான் நாம `ரிங்'னு சொல்லுவோமே, மாவட்ட அளவுல ரெண்டாமிடம். எட்டு மாசம் ஒரே வீட்டுல இருக்கேன், எனக்குத் தெரியாது. அதைவிட, இருபத்தொன்பது வருஷமா மகனா இருக்கிற அவருக்கே தெரியாது!

``அப்புறம் ஏன் அத்தை விட்டீங்க?''னு கேட்டேன். ``யாரு விட்டா... கல்யாணம் ஆச்சு, இவன் பொறந்தான், அப்புறம் எங்க?'' அவ்வளவுதான் பதில். கோவமும் இல்லை, வருத்தமும் இல்லை. அன்னைக்கு சாயங்காலம் மொட்டைமாடியில வெறும் கையாலேயே, ரிங்கை எப்படி விடணும்னு காட்டினாங்க. மணிக்கட்டு அப்படியே வளைஞ்சு நின்னுச்சு. முப்பது வருஷத்துக்கு மேல ஆயிருக்கு, கை மறக்கல.

கை மறக்காததுக்குக் காரணம் இருக்கு. சைக்கிள் ஓட்டுறது, நீச்சல், பந்து வீசுறதெல்லாம் திரும்பத் திரும்பச் செஞ்சு பழகுற அசைவுகள். பரீட்சைக்குப் படிச்ச பாடம் மாதிரி இதெல்லாம் சீக்கிரம் அழியுறதில்லை. `மசில் மெமரி'னு நாம சொன்னாலும், இது பதிஞ்சிருக்கிறது தசையில இல்லை, மூளையில. அசைவுகளை ஒழுங்குபடுத்துற சிறுமூளைக்கு இதுல பெரிய பங்கு உண்டு.

ஆனா மூச்சு அப்படியில்லை. பயிற்சியை விட்ட ரெண்டு மூணு வாரத்துலயே தாக்குப்பிடிக்கிற திறன் குறைய ஆரம்பிச்சுடும். இங்கதான் புதுசா கல்யாணம் ஆனவங்க மாட்டுறாங்க. ஆறு மாசம் கழிச்சுக் களத்துல இறங்குவோம். மூளை பழைய வேகத்துல `ஓடு'னு சொல்லும், உடம்பு ரெண்டாவது நிமிஷத்துல நின்னுடும். `சரி, நமக்கு வயசாயிடுச்சு, கல்யாண உடம்பு'னு நாமளே தீர்ப்பு எழுதிட்டு வீட்டுக்கு வந்துடுவோம். அது வயசு இல்லைங்க, வெறும் இடைவெளி. சில வாரம் படிப்படியா ஓடினா பெரும்பகுதி திரும்பி வந்துடும். தசையைவிட தசைநாண்கள் மெதுவாத்தான் பலமாகும்ங்கிறதால, முதல் வாரமே முழு மேட்ச் ஆடாதீங்க. பாதி நேரம் ஆடிட்டு உட்காருங்க.

திரும்பி வந்தவங்க

மேரி கோமுக்கு 2005-ல கல்யாணம். 2007-ல இரட்டைக் குழந்தைகள். 2008-ல மறுபடியும் உலக சாம்பியன். செஸ்ல கோனேரு ஹம்பி, மகள் பிறந்த ரெண்டு வருஷம் கழிச்சு 2019-லயும், அப்புறம் 2024-லயும் உலக ரேபிட் பட்டம் ஜெயிச்சாங்க. நம்ம சென்னைப் பொண்ணு தீபிகா பள்ளிக்கலுக்கு 2021 அக்டோபர்ல இரட்டைக் குழந்தைகள் பிறந்தாங்க. 2022 ஏப்ரல்ல கிளாஸ்கோவுல நடந்த உலக இரட்டையர் ஸ்குவாஷ் போட்டியில, ஜோஷ்னா சின்னப்பாவோட ஒரு தங்கம், சௌரவ் கோஷலோட ஒரு தங்கம். அதே வருஷம் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட்ல ஹரிகா துரோணவல்லி ஒன்பது மாச கர்ப்பத்தோட ஆடினாங்க, இந்தியப் பெண்கள் அணிக்கு வெண்கலம் கிடைச்சது.

`அவங்கல்லாம் சாம்பியன்ஸ், நாம எங்க?'னு தோணும், நியாயம்தான். அவங்களுக்குப் பயிற்சியாளர், மருத்துவர்னு ஒரு கூட்டமே துணைக்கு இருக்கும். நான் கவனிக்கிறது வேற. அவங்க விளையாட்டு `வேலை'ங்கிற கணக்குல வருது, அதனால வீடு அதைச் சுத்தித் தன்னை மாத்திக்குது. நம்ம விளையாட்டு `பொழுதுபோக்கு' கணக்கு, அதனால அது வீட்டைச் சுத்தி மாறணும். இத்தனைக்கும் வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு எல்லாப் பெரியவங்களுக்கும் தேவைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. மருந்துன்னா டைம்டேபிள் போடுறோம், இதுக்கு மட்டும் மிச்ச நேரத்தைத் தேடுறோம்.

அதனால கல்யாணம் பேசி முடிச்சவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். போன்ல மணிக்கணக்கா பேசுவீங்கல்ல, அதுல சம்பளம், வேலை, தனிக்குடித்தனம் எல்லாம் வரும். `நான் வாரத்துல எந்த ரெண்டு நாள் விளையாடுவேன், அந்த நேரம் அடுப்படியில யாரு'ங்கிறதையும் சேர்த்துப் பேசிடுங்க. `விளையாடுவியா, சூப்பர்!'னு ஒரு இமோஜி வந்தா நம்பிடாதீங்க. கிழமையும் மணியும் வரணும். ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களும் பேசலாம், கொஞ்சம் சங்கடமா இருக்கும், அவ்வளவுதான். கர்ப்பமா இருந்தாலோ, குழந்தைக்குத் திட்டமிட்டாலோ, எதை ஆடலாம், எதைத் தள்ளிப்போடணும்னு உங்க டாக்டர்கிட்ட நேரடியாவே கேளுங்க. பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டா `படுத்தே இரு'ம்பாங்க.

எங்க வீட்டுல இப்ப சனிக்கிழமை காலை டிபன் அவர் பொறுப்பு. மாவு கடையில வாங்குறார், சட்னிக்கு மாமா தேங்காய் துருவித் தர்றார். டீம்ல ஏழு பேர் சேர்ந்துட்டோம், இன்னும் ரெண்டு பேர் வேணும். அத்தை ஆன்லைன்ல ரிங் என்ன விலைன்னு பார்க்கச் சொல்லியிருக்காங்க.